சந்தனம் பூசிய பொனட்

வண்டி ஓடாட்டி ஆளுக கவலையோட கராஜுக்கு வருவாங்க. இன்ஜினை மூடுற பொனட் திறக்காட்டி கோபத்தோட வருவாங்க. டிரைவர் பக்கம் கீழ ஒரு சின்னப் பிடி இருக்கு பாருங்க, அதை இழுத்தா ஒரு கம்பி போய் பொனட் பூட்டைத் திறக்கும். ஹட்டன் மழையிலயும் பனியிலயும் அந்தக் கம்பி துருப்பிடிச்சு அறுந்து போகும், இல்லாட்டி இழுத்த இடத்திலயே நின்னுக்கும். இழுத்து இழுத்துக் கை வீங்கின சொந்தங்களே, இது உங்களுக்காகத்தான்.

கைப்பையில் வந்த பிடி

ஒரு நாள் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தங்க கராஜுக்கு நடந்து வந்தாங்க. காரைக் காணோம். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில சுத்தின ஒண்ணை எடுத்து மேசையில வச்சாங்க. பொனட் பிடி! வேகமா இழுத்ததுல கையோட வந்திருச்சாம். கார் குவாட்டர்ஸ் வாசல்லயே நிக்குதாம்.

அறுந்த கம்பி காருக்குள்ள இருக்கு, காரைப் பார்த்தாத்தான் சரி பண்ண முடியும்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். எனக்குப் பொறுமை கொஞ்சம்தான், அதை முழுசா அன்னைக்கே செலவழிச்சேன். டீச்சருக்கு மனசே ஆறல. "பிள்ளையளின்ரை பேனை முறிஞ்சா, புத்தகப் பையையுமோ தம்பி கடைக்குக் கொண்டு போறது?"

ஆயுத பூசை

ஆயுத பூசைக்கு எங்க கராஜ் வாசல்ல வண்டியெல்லாம் வரிசையா நிக்கும். பொனட்டைத் திறந்து உள்ளயும் பொட்டு வைக்கிறது எங்க வழக்கம். ஸ்கூல் வேன் ஓட்டுற சந்திரன் அண்ணனும் வந்தாரு. றொசல்லப் பக்கத்துப் பிள்ளைங்களை ஹட்டனுக்கு ஏத்திட்டு வர்றவரு. எங்க வீடும் அங்கதான், என் மக திவ்யாவும் அந்த வேன்லதான் போறா.

அவரு வேன்ல கம்பியை இழுத்தா திரும்பிப் போக மாட்டேங்குது. பூசை அவசரத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். என் வீட்டுக்காரி சரோஜா, பக்தியில ஒரு கை சந்தனத்தை அள்ளி பூட்டுலயும் அதுக்குப் பக்கத்துக் கொக்கியிலயும் அப்பிட்டா. பூட்டு விட்டாலும் பொனட்டைப் பறக்க விடாம பிடிக்கிறது அந்தக் கொக்கிதான். எனக்குத் தெரியும், ஆனா பூசை நேரத்துல அவகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது? பொனட்டை டமால்னு மூடினேன். "பிள்ளைங்க போற வண்டி, கம்பியை மாத்திருவமா?"ன்னு அண்ணன் கேட்டாரு. கண்டியில இருந்து கம்பி வரணும், அடுத்த கிழமை பார்ப்போம்னேன். சரோஜா அவரைத் தேத்தினா. "அதான் பொட்டு வச்சாச்சே அண்ணே, இன்னும் என்ன பயம்?"

வளைவு

ரெண்டு நாள்ல சந்தனம் காய்ஞ்சு கல்லாயிருச்சு. பூட்டும் முழுசாப் பிடிக்கல, கொக்கியும் அசையல. மூணாம் நாள் காலையில ஸ்கூல் போற வழியில, ஒரு வளைவுல பொனட் எழும்பி முன் கண்ணாடியையே மறைச்சிருச்சு. ஒரு பக்கம் பள்ளம். உள்ள பதினோரு பிள்ளைங்க. அண்ணன் தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பார்த்துக்கிட்டே, மெதுவா மலைப் பக்கத்துத் தண்ணி ஓடுற கானோரமா ஒட்டி நிப்பாட்டியிருக்காரு.

போன் வந்ததும் கராஜைத் திறந்தபடியே விட்டேன். ஆட்டோ பிடிச்சு ஓடினேன். பிள்ளைங்க ரோட்டோரமா நின்னு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்குதுங்க! திவ்யாவைக் கட்டிப் பிடிச்சு வெக்கமில்லாம அழுதேன். "என் தப்புதாண்ணே"ன்னு சந்திரன் அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு என் முதுகுல தட்டினாரு. திவ்யா என் சட்டையை இழுத்தா. "பொனட் தொறந்ததும் வேன் முழுக்க நம்ம சாமி ரூம் வாசம்ப்பா."

பரீட்சை

அன்னைக்கே கண்டிக்குப் போய்க் கம்பி வாங்கிட்டு வந்து மாட்டினேன். பழைய பல் பிரஷ்ஷால கொக்கியைத் தேய்ச்சது சரோஜா. ஒரு வார்த்தை பேசல, கல்யாணமான நாள்ல இருந்து அதுதான் முதல் தடவை. இப்ப எங்க கராஜ்ல பொட்டு பொனட்டுக்கு மேல மட்டுந்தான்.

திவ்யா விடுறதா இல்ல. தினமும் வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி பொனட் விளிம்பை ரெண்டு கையாலயும் தூக்கிப் பார்ப்பா. மத்த பிள்ளைங்களும் வரிசையில நின்னு தூக்கிப் பார்க்குதுங்க. அசையாட்டித்தான் ஏறுவாங்க. நேத்துக் காலையில நான் பக்கத்துல நின்னு, "அப்பாவே பூட்டைச் சரி பார்த்துட்டேன், ஏறும்மா"ன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "அதனாலதான்ப்பா தூக்கிப் பார்க்கிறேன்."

இத்தனை வருஷம் கராஜ் நடத்தி நான் வாங்கின ஒரே சர்டிபிகேட் இதுதான், சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டத்தான் மனசு வரல.