வசந்தி சுடாத வடை

இந்த நியூசிலாந்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் தேதியும் மணியும் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லிவிட்டு வந்ததில்லை. வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போனதும் இல்லை. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்ததில்தான் எங்கள் உதவித்தொகை மனு தள்ளுபடியானது.

என் மனைவி வசந்திக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. காலும் இழுக்கும். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, நான் திரும்பும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள். அன்றோடு கிடங்கு வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். பராமரிப்பு உதவித்தொகை கிடைத்தால் அவளோடு இருக்கலாம். இல்லையென்றால் முழு நேர வேலைக்குத் திரும்பி, அவளைத் தனியே விட்டுப் போக வேண்டும்.

வசந்தியை நேரில் பார்த்து அறிக்கை எழுத, உதவித்தொகை ஆபீசிலிருந்து ஹெலன் என்றொரு அதிகாரி வருவதாக இருந்தது. "ஏங்க, வூட்டுக்கு வர்றவங்க முன்னாடி நைட்டியோட குந்திகினு இருக்க முடியுமா?" என்றாள் வசந்தி. காலையில் நான் உளுந்து அரைத்து வடை சுட்டேன். அவளுடைய கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிவிட்டேன். கொசுவம் வைத்ததும் தலை பின்னியதும் நான்தான். உள்ளே வந்த ஹெலன் அவளைப் பார்த்து "பியூட்டிஃபுல்!" என்றார். வடையைக் கடித்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். "வசந்திதான்" என்றேன். வந்தவரிடம் வேறு எப்படிச் சொல்வது, அவளுக்குத்தானே குறைச்சல்? எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "நோ பிராப்ளம்" என்றாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. விருந்தினருக்குச் சமைத்து உபசரிக்கும் அளவுக்கு இயங்குவதால் உதவித்தொகை இல்லை என்று மிக மரியாதையாகச் சொன்னது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. விவரம் தெரியாதவனா நான்? எங்கள் ஊரில் சோற்றுக்கு இல்லாத வீட்டிலும் ஒரு பட்டுப்புடவை இருக்கும். என் சித்தி அதைக் கட்டிக்கொண்டு முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீஸ் கிளம்பியபோது, எதிர்வீட்டுக்காரம்மா வழிமறித்தார். "இன்னாக்கா, கல்யாணத்துக்கா போற? இத்த கட்டிகினு போனா எவன் கையெழுத்து போடுவான்? கம்மலையும் கழட்டி வெச்சிட்டுப் போ." சித்தி கிழிசல் புடவையில் போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள். ஆனால் அங்கே ஆபீசுக்கு நாம் போனோம். இங்கே ஆபீஸ் வீடு தேடி வந்தது. வாசல்படி தாண்டியதும் அது விருந்தாளி ஆகிவிட்டது.

மேல்முறையீடு செய்தோம். விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வடை சுட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். அதைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. வசந்தியிடம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பழக்கத்தில் நான் எழுந்தேன். உதவ வேண்டாம் என்று கையைக் காட்டி உட்கார வைத்தார்கள். அவளுடைய இடது கை முதல் பொத்தானோடு போராடியது. பாதி நுழையும், நழுவும். மறுபடி நுழைப்பாள். கண்ணீர் வழிய என் பக்கம் திரும்பி, "ஏங்க, பாத்துகினே இருக்கீங்களே, வந்து போட்டு வுடுங்களேன்" என்றாள்.

என்ன சொன்னார் என்று கேட்டார்கள். மொழிபெயர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். எந்த நாட்டிலும் எந்த ஆபீசிலும் நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. கடிதத்தை வசந்தி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பொத்தான் போட இயலாது, சமைக்க இயலாது, தனியே குளிக்க இயலாது. "எல்லாத்தையும் எழுதிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் ஆரணியிலிருந்து அவளுடைய அம்மாவின் போன் வந்தது. கையில் சுளுக்கு என்று மட்டுமே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

"கை தேவலையாம்மா?"

"இப்ப நல்லா இருக்குதும்மா. நாளைக்கு வடை சுடலாம்னு இருக்கறேன்."

கடிதம் அவள் மடியில் கிடந்தது. இந்த நாட்டுக் காகிதத்தில் ஒன்றும் முடியாத வசந்தி, ஆரணியில் மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறாள். நான் எழுந்து போய் உளுந்தை ஊறப்போட்டேன்.