அக்காவின் கடல் சாமந்தி

தூத்துக்குடியிலிருந்து திரும்பிய பேருந்தில், ஜன்னலோரத்தில், மடியில் ஒரு தண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு என் அக்கா உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ரப்பர் பேண்டால் வாயை இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே கடல் தண்ணீரில், வெளுத்துச் சுருங்கிப்போய் ஒரு சதைத் துண்டு கிடந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், "என்னது தாயி, ஆட்டுக் குடலா?" என்று கேட்டாள். அக்கா வெயில் படாமல் முந்தானையால் பையை மூடிக்கொண்டாள். திருத்தங்கல் வந்து இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. வேலை பார்க்கும் அச்சு பிரஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போன எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடலில் கிடக்க வேண்டியதைக் கந்தக பூமிக்குக் கொண்டுவந்து வளர்க்கிறாளாம், இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவளுக்குப் பிடித்திருந்தது கிறுக்கு அல்ல, பயம். மச்சானுக்கு ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவார். அப்போதிலிருந்து அவர் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வீட்டு வேலை பார்ப்பாள். வாஸ்து மீன்தொட்டி என்று ஒரு மோகம் எங்கள் ஊரைப் பிடித்து ஆட்டிய வருடங்கள் அவை. தொட்டியில் ஒரு மீன் செத்தால், வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது என்பார்கள். அக்கா வீட்டிலும் தொட்டி வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரின் புண்ணியத்தில் மீன்கள் சளைக்காமல் செத்தன. மற்ற வீடுகளில் நிம்மதியாக அடுத்த மீனை வாங்கி விட்டார்கள். அக்காவால் அது முடியவில்லை. "இம்புட்டு கண்டமா வருதுலே அவுகளுக்கு?" என்று ஒவ்வொரு மீனையும் புதைத்துவிட்டு அழுவாள். அவளுக்குச் சாகாத ஒன்று வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் கடல் மீன்களை விற்கும் கடைக்காரர், பூப்போல விரியும் இந்தக் கடல் பிராணியைக் கடல் சாமந்தி என்று காட்டி, "ஒழுங்காப் பாத்தா மனுச ஆயுசுக்கும் இருக்கும்மா" என்று வாய்போன போக்கில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். இது இருக்கும்வரை மச்சானும் இருப்பார் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். அதை என்னிடம் மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வளர்ப்பு என்று சொல்ல முடியாது, போராட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிவரும் வேன்காரரிடம் கெஞ்சிக் கேன்களில் கடல் தண்ணீர் வரவழைத்தாள். புதிதாக விட்ட சாமந்தி ஓர் இடத்தில் நிற்காது. அடிப்பாதத்தால் கல்லைப் பற்றும், பிறகு பிடிக்காமல்போய் விட்டுவிட்டு மெல்ல நகரும். நகர்ந்து போய்த் தண்ணீர் இழுக்கும் மோட்டாரின் வாயில் சிக்கினால் கிழிந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த வாயில் பஞ்சை வைத்து நூலால் சுற்றிக் கட்டினாள். அப்படியும் நம்பிக்கை வராமல் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள், சோறு தின்றாள். சில நேரம் அது உள்ளிருக்கும் தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டுக் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போதெல்லாம் அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றிவிடும். சித்திரை வெயிலில் தொட்டி சூடேறாமல் இருக்கச் சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டி, ஐஸ் உறைந்த பாட்டில்களை மிதக்க விட்டாள். மின்வெட்டு மாநிலத்தையே வாட்டிய காலம் அது. மோட்டார் நின்றதும் பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவாள். கரண்டு வரும்வரை தோள்பட்டை வலிக்க ஊற்றிக்கொண்டே இருப்பாள். வெயில் ஏற ஏற இங்கே தொட்டிக்கு ஆபத்து, அங்கே மருந்து அறைக்கு ஆபத்து. இரண்டையும் அவள் ஒருத்தியே விசிறிக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றும்.

மச்சான் இதையெல்லாம் கேலி செய்வார். "உங்க அக்கா எனக்கு ஒரு சக்களத்தனக் கொண்டாந்துட்டாய்யா" என்பார். ஆனால் அந்தச் சாமந்தியிடம் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, உரித்த இறால் துண்டை விரல் நுனியில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டுவார். அதன் இழைகள் அவர் விரலில் ஒட்டிக்கொள்ளும். "கையப் புடிக்குது பாரு புள்ள, கையப் புடிக்குது" என்று அந்தப் பெரிய மனிதர் சின்னப் பிள்ளையாகிவிடுவார். சற்று நேரத்தில் அது சுருங்கிவிடும், மறுநாள் பகலில்தான் கொஞ்சம் விரியும். வெயில் என்றார்கள், உப்பு குறைவு என்றார்கள், கண்ணேறு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். சொந்த ஊர்ப் பொங்கலுக்கு மச்சான் போயிருந்த நாட்களில்தான் விஷயம் வெளியே வந்தது. அது முதல்முறையாகத் தட்டு அகலத்துக்கு விரிந்து நின்றது, வெளுப்பு நீங்கித் தவிட்டு நிறமும் ஏறியது. அவர் திரும்பி வந்து, வேலைக்குப் போன அன்றே ஆசையாகக் கையை வைத்தார், அது சுருங்கியது. அக்கா கடைக்காரருக்குப் போன் போட்டாள். வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்டார். நீல நிறமாக எரியும் பேன்சி வெடிக்குச் செம்பு சேர்ந்த உப்பைக் கலப்பார்கள். செம்பு ஒரு துளி போனாலும் இதற்கு விஷம், அந்தக் கையைத் தண்ணீரில் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். இறால் துண்டோடு வந்தவரின் மணிக்கட்டை அக்கா பிடித்துக்கொண்டாள். "நீங்க கைய வைக்காதீக. உங்க கை அதுக்கு ஆகலயாம்."

மச்சான் சிரித்தார். "சோறு திங்குற கை புள்ள இது. சோத்துக்கு ஆகுது, இதுக்கு ஆகலயாக்கும்?"

அந்தக் கேள்வி அவளை என்னவோ செய்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சின்ன ஜீவனைச் சுருட்டிப் போடுவது அவர் உடம்புக்குள் என்ன செய்யுமோ, இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அழுதாள். என்னைப் பார்த்து, "ஏலே, உங்க பிரஸ்ல ஏதாச்சும் வேலை கேளுலே, கட்டிங்கோ பேக்கிங்கோ எதுனாலும் சரி" என்றாள். மறுநாளே கேட்டேன். எங்கள் முதலாளியும் வரச் சொல்லிவிட்டார். மச்சான்தான், "பாதி சீசன்ல விட்டுட்டு வந்தா நல்லாருக்காது, தீவாளி ஆர்டர் முடியட்டும்" என்று தள்ளிவைத்தார். அவளும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். அன்று முதல் அவர் தொட்டியைத் தொடவில்லை. வேலை விட்டு வந்ததும் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பார். சாமந்தி நாளுக்கு நாள் செழித்தது. அக்காவும் கொஞ்சம் உறங்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தம் கேட்டது ஒரு காலை நேரத்தில். சோதனைக்குப் போடும் வெடி எது, இது எது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பிரஸ்ஸில் மிஷின்களை நிறுத்திவிட்டார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனேன். மருந்து அறை இருந்த இடத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அங்கிருந்து எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. அக்காவின் தெருவில் பெண்கள் தலைவிரி கோலமாக மெயின் ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் வீட்டுக்குள் இருந்தாள். அடுப்பில் உலை கொதித்தது. என்னைப் பார்த்ததும், "எல்லாரும் எதுக்குலே இப்பிடி ஓடுறாளுக? அவுகளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இங்கன வந்து பாரு, எம்புட்டு விரிஞ்சிருக்குன்னு" என்றாள். என் கையைப் பிடித்துத் தொட்டி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். அது அன்றைக்கு விரிந்திருந்ததுபோல் என்றுமே விரிந்ததில்லை. நுனியெல்லாம் சிவந்து, அத்தனை இழைகளும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகான ஒன்றை நான் அவ்வளவு வெறுத்ததும் இல்லை. நான் எந்த வார்த்தையில் அவளிடம் சொன்னேன் என்பது மறந்துபோய்விட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் என்னைப் பார்க்காமல் தொட்டியையே காட்டிக்கொண்டிருந்தது மட்டும் மறக்கவில்லை.

இப்போது நான் சூலக்கரையில் குடியிருக்கிறேன். விருதுநகர்க் கடைகளில் பிளாஸ்டிக்கில் கடல் சாமந்தி விற்கிறார்கள். எந்தத் தண்ணீரில் போட்டாலும் காற்றுக் குமிழிக்கு ஆடுகிறது, வெயிலும் கரண்டும் அதை ஒன்றும் செய்வதில்லை. என் மகள் ஒன்று வாங்கிவந்து தொட்டியில் வைத்திருக்கிறாள். அதன் பக்கம் நான் போவதில்லை. அவள் கையை விட்டு அதைத் தடவும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்போது, பதினாறாம் நாள் காரியம் கழிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, கம்பெனி ஆள் ஒருவர் வந்து மச்சானின் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மருந்து அறைக்குள் நுழையும் முன் மச்சான் அதை வெளியே வேப்பங்கிளையில் போட்டுவிட்டுப் போனாராம். முந்தைய நாட்களில் கை துடைத்ததெல்லாம் அதில் அப்படியே இருந்தது. மருந்து வாசனை, மடிப்புகளில் வெள்ளிப் பொடி. அக்கா அதை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். பிறகு எழுந்து தொட்டியிடம் போனாள். இத்தனை நாளாக யாரும் தீனி போடாமல், தண்ணீர் மாற்றாமல், கலங்கிய தண்ணீரில் சாமந்தி பாதியாக இளைத்துப்போயிருந்தது. ஆனாலும் விரிந்துதான் இருந்தது. அக்கா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் விட்டாள். பழி தீர்க்கிறாள் என்று நினைத்தேன். தடுக்கவும் மனம் வரவில்லை. சற்று நேரத்தில் இழைகள் ஒவ்வொன்றாக உள்வாங்கின, அது கல்லோடு கல்லாக ஒடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்குப் பதறியது.

"எடுத்துரு அக்கா, செத்துப்போகும்" என்றேன்.

அக்கா திரும்பினாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இருலே. அவுக கை வச்சா இப்பிடித்தான சுருங்கும்? இன்னும் அவுகளத் தெரியுதுலே இதுக்கு."