குழாய் வேர்த்திருந்தது

அந்தப் பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வாடிக்கையாளர்கள் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் தெர்மாமீட்டர். கார் ஏசி வேலையில் முப்பத்தோரு வருஷம். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியின் இரண்டு குழாய்களையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். மெல்லிய குழாய் சுட வேண்டும், தடித்த குழாய் சில்லென்று இருக்க வேண்டும். சூடு எவ்வளவு, குளிர் எவ்வளவு என்பதை வைத்தே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். கேஸ் அளக்கும் மீட்டர் ஒன்று சுவரில் தொங்கத்தான் செய்தது. அது ஒன்று சொல்லி இவர் கை வேறொன்று சொன்னால், மீட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்.

கண்ணை ஏன் மூட வேண்டும் என்று யாராவது கேட்டால், "கண்ணு நடுவுல பூந்து கருத்து சொல்லும். கைக்கு அது ஆகாது" என்று பதில் வரும். அலட்டல்தான். ஆனால் முப்பது வருஷம் பலித்த அலட்டலை யார் குறை சொல்ல முடியும்?

இப்போது அந்தக் கையால்தான் வம்பு. நாலைந்து மாதமாகவே விரல்களில் பஞ்சு சுற்றினாற்போல ஒரு மரமரப்பு. சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது; மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் அதையும் மறந்துவிடுவார். ஒருநாள் டம்ளரைப் பிடித்துப் பார்த்து, டீ ஆறிப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றுவிட்டு, ஒரே வாயாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அன்றைக்கே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்துகொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடமும்.

பல வருஷ வாடிக்கையாளரான டீச்சர் ஒருவரின் கார் வந்தது இது மூன்றாவது தடவை. ஏசியைப் போட்டால் வெக்கையாகக் காற்று வருகிறது என்பதுதான் முதல் நாளிலிருந்து புகார். முதல் தடவை குழாயைப் பிடித்துப் பார்த்தார், தடித்த குழாயில் குளிர் இல்லை. கேஸ் குறைவு என்றார். மீட்டர், கேஸ் சரியாக இருக்கிறது என்றது. வழக்கம்போல மீட்டரைத் திட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். இரண்டாவது தடவையும் கையில் குளிர் படவில்லை. கம்ப்ரசர் போய்விட்டது என்று கழற்றி மூலையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டி, கேஸை மறுபடி அளந்து நிரப்பினார். அதற்கும் வண்டி மசியவில்லை.

டீச்சர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை.

"அண்ணா, அம்மாவை இன்னைக்கு நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணி பத்து நாள்தான் ஆகுது. மூணு மணி நேரம் வண்டியில போகணும். வெக்கை ஆகவே ஆகாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கார். வேற வண்டி எடுத்துக்கலாம்னு தம்பி சொன்னான். தெர்மாமீட்டர் அண்ணா இருக்கார், பார்த்துக்குவார்னு நான்தான் சொன்னேன். மூணு மணிக்கு வந்துடறேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அப்போது மணி பன்னிரண்டரை.

தெர்மாமீட்டர் எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களைப் பிடித்துக் கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. சுடவும் இல்லை, குளிரவும் இல்லை; இரண்டு கையிலும் இரண்டு குச்சியைக் கொடுத்த மாதிரி இருந்தது. கையை உதறினார். சோப்புப் போட்டுக் கழுவினார். பரபரவென்று தேய்த்துவிட்டு மறுபடி பிடித்தார். இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் பிடித்தார். 'ஒரே ஒரு தடவை சொல்லிடு, இந்த ஒரு வண்டிக்கு மட்டும்' என்று சொந்தக் கையிடமே மனசுக்குள் கெஞ்சினார். கை வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கை இல்லாவிட்டால் அவர் யார்? ஐம்பத்தெட்டு வயது, வேறு வேலை தெரியாது, படிப்பும் அப்படி இப்படி. கை போய்விட்டது என்று ஒருத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், பிறகு பட்டறைப் பக்கம் ஈ காக்காகூட எட்டிப் பார்க்காது. என்ன செய்வதென்று தெரியாதவன் எதையாவது செய்வான் இல்லையா, அதைத்தான் அவரும் செய்தார். புதுக் கம்ப்ரசரையும் கழற்றிவிடுவது என்று ஸ்பேனரை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி சாப்பாட்டோடு வந்தார். தூக்கை பெஞ்சில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, கையில என்ன?"

"என்ன?"

"தோலு வெந்து கெடக்கு."

அவர் பார்த்தார். வலது உள்ளங்கையில் குழாய் பட்ட இடம் நெடுகக் கொப்புளம் கட்டியிருந்தது.

"வலிக்கலையா உங்களுக்கு?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றை இரண்டு தடவை சொல்ல வேண்டியதே இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலஞ்சு மாசமா."

"நாலஞ்சு மாசமா எங்கிட்டகூட சொல்லாம..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, முந்தானையை நனைத்து வந்து கொப்புளத்தின் மேல் வைத்தார். அடுத்த கையையும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கை ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு?"

"வேர்வையா இருக்கும்."

"ஒரு கை மட்டுமா வேர்க்கும்?"

அவர் கார் பக்கம் திரும்பினார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தடித்த குழாயைப் பார்த்தார். குழாய் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது.

"நீ புடி அதை. மெல்லிசுகிட்ட போகாத, சுட்டுடும். தடியா இருக்கே, அது."

மனைவி தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "ஐஸ்ல வச்ச மாதிரி இருக்குங்க."

குளிர் குழாய் ஐஸாக இருந்தால் ஏசியில் ஒரு கோளாறும் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் குளிர்ந்த காற்றுக்கும் ஹீட்டருக்கும் நடுவே சின்ன மூடி ஒன்று உண்டு. அது மூடாமல் நின்றால், எஞ்சினின் சூடு உள்ளே கலந்து வெக்கையாகத்தான் வரும். அவ்வளவுதான் விஷயம். கண்ணுள்ளவன் எவனும் முதல் நாளே சொல்லியிருப்பான். மூலையில் கிடக்கும் பழைய கம்ப்ரசர் நல்ல கம்ப்ரசர். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றிப் போட்டது அவர் கை, அதை நம்பியது அவர் திமிர். பட்டறை நடுவில் நின்று அவர் அழுதார். எஞ்சின் சத்தத்தில் வெளியே கேட்கவில்லை.

மூடியை இழுக்கும் கம்பியின் கொக்கி உடைந்திருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, மூடி திறக்காதபடி ஒயரால் கட்ட வேண்டும். ஒயரின் நுனி விரலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதே தெரியவில்லை. நாலு தடவை நழுவியது. மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மேல. இப்ப கையில இருக்கு, சுத்துங்க" என்று சொல்லச் சொல்லக் கட்டினார். முடிந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சாப்பாடு தூக்கிலேயே இருந்தது.

டீச்சர் வந்ததும், அவரை உட்காரக்கூட விடாமல் தெர்மாமீட்டர் சொல்லிவிட்டார்.

"டீச்சர், உங்க கம்ப்ரசர்ல ஒரு குறையும் இல்ல. கேஸும் குறையல. எனக்குத்தான் கை மரத்துப்போச்சு. அதை மறைச்சுக்கிட்டு உங்க வண்டியில கை வச்சேன்."

"போன ரெண்டு தடவையும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டீச்சர் மூலையில் கிடந்த பழைய கம்ப்ரசரை ஒரு தடவை பார்த்தார். "எங்கம்மா அங்க ரெடியா உக்காந்திருக்காங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி வண்டியில் ஏறினார். கிளப்பியவர் போகவில்லை. எந்த வண்டியும் தெர்மாமீட்டர் கடைசியாக ஒரு தடவை காற்றில் கை வைத்து "ம்" சொல்லாமல் அந்தப் பட்டறையை விட்டுப் போனதில்லை. அது டீச்சருக்கும் பழக்கமாகியிருந்தது.

"போதுமா அண்ணா? அம்மாவுக்கு இந்தக் குளிர் போதுமா?"

அவர் கை தானாக ஜன்னலுக்குள் நீண்டு, பாதியில் நின்றது. அதை இழுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நீ பாரு."

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். இத்தனை வருஷம் புருஷன் செய்வதைப் பார்த்தவர்தானே, அவரைப் போலவே மெல்லக் கண்ணை மூடினார்.

"கண்ணை மூடாத," என்றார் அவர்.