சளி பிடித்த கிட்டார்

என் காதுகளைப் பற்றி மாமாவுக்கு இருந்த உயர்ந்த அபிப்பிராயம் உலகத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் அவற்றைத் திருகுவதற்கான கைப்பிடிகளாக மட்டுமே கருதினார். சொன்னதைக் கேட்காத காது இருந்தென்ன, போயென்ன என்பது அம்மாவின் கட்சி. அம்மாவின் தம்பியான மாமா மட்டும்தான் அவற்றைப் பொக்கிஷமாக நினைத்தார். காரணம், பஸ். எங்கள் வீடு ஓசூருக்கு வெளியே தளி போகும் சாலையில் இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் உறுமல் கேட்டதுமே "பஸ் வருது" என்று சொல்லிவிடுவேன். ஊரில் எல்லோருக்கும் கேட்கிற சத்தம்தான். ஆனாலும் மாமா அசந்துபோவார்.

"பாம்புச் செவிதான்டா உனக்கு!"

நான் மறுக்கவில்லை. எட்டு வயதில் தானாக வந்து விழும் பட்டத்தை யாராவது மறுப்பார்களா?

மாமாவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை. வாலிப வயதில் பெங்களூரில் பட்டாளத்தார் இருந்த தண்டுப் பகுதியில் ஒரு துரை வீட்டில் வேலைக்கு இருந்தபோது கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அவர் கிட்டார்தான். ஆனால் போன கிறிஸ்துமஸில் பாட்டு நடுவே சபை ஒரு வழியும் மாமா ஒரு வழியுமாகப் போய்விட்டார்கள். பழைய கிட்டார் சதி செய்துவிட்டது என்று மாமா சாதித்தார். "இந்த வருஷமும் இப்படின்னா ஆர்மோனியக்காரரையே வச்சுக்கலாம் தம்பி" என்று போதகர் மிகுந்த அன்போடு சொல்லியிருந்தார். ஆகவே மாமாவுக்கு ஒரு நல்ல கிட்டார் தேவைப்பட்டது. அதைப் பொறுக்கி எடுக்க என் காது தேவைப்பட்டது.

ஓசூர்க் கடைத்தெருவில், துரைமார் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. ஓடாத கடிகாரங்கள், ஜோடி இழந்த பூச்சாடிகள், ஒரு மான் தலை. உத்தரத்திலிருந்து மூன்று கிட்டார்கள் வௌவால் மாதிரி தொங்கின. கடைக்காரர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மூன்றையும் இறக்கித் துடைத்துக் கொடுத்தார்.

மாமா என்னை ஒரு பெட்டிமேல் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். "திரும்பக் கூடாது. மூணையும் வாசிக்கிறேன். எது நல்லா பேசுதுன்னு நீதான் சொல்லணும். நீ சொல்றதைத்தான் வாங்கப் போறேன்."

எனக்கு பஸ் சத்தத்துக்கும் மாட்டுவண்டிச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். அதற்குமேல் என் சங்கீத ஞானம் போனதில்லை. முதல் கிட்டார் டொய்ங் என்றது. இரண்டாவது டொய்ங் என்றது. மூன்றாவதும் இரக்கமில்லாமல் அதையே சொன்னது. சுவரிலிருந்த மான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக்கூட விடை தெரிந்திருக்கும் போலிருந்தது.

"சொல்லுடா!"

"முதல்ல வாசிச்சது நல்லா இருக்கு மாமா. ரெண்டாவதுக்குக் கொஞ்சம் சளி புடிச்சிருக்கு."

"மூணாவது?"

"அதுக்குப் பசி."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, பயத்தில் வந்துவிட்டது. மாமா பரவசமாகிவிட்டார். "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று வரிசையை மாற்றி வாசித்தார். இந்த முறை சளியைக் கடைசிக் கிட்டாருக்குக் கொடுத்தேன்.

கடைக்காரர் மேசையில் தட்டினார். "ஏன் ஸ்வாமி, நல்லா இருக்குன்னு பையன் முன்னே சொன்னானே, அதுதானே இது? நல்லா இருந்ததுக்கு எப்படி சளி வரும்?"

மாட்டிக்கொண்டேன். ஓடிவிடலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ நின்றது.

"இப்பத்தான் புடிச்சிருக்கு" என்றேன்.

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, என்னைத் திட்டவுமில்லை. என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கிட்டாரின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு தந்தியாகச் சுண்டிக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ ஸ்வாமி, அது கரும்பா? பாலிஷ் போயிடும், விடுங்க!"

மாமா விடவில்லை. மூன்றையும் வரிசையாகக் கடித்தார். கடைசியில் மூன்றில் மிகப் பெரியதும் அவலட்சணமானதுமான ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதுதான். இதுதானேடா நீ சொன்னது?" என்றார். பசி என்று நான் சொன்ன கிட்டார் அது. "ஆமா மாமா, இதேதான்" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விற்றால் போதும் என்று காகிதத்தில் விலையை எழுத ஆரம்பித்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று மாமா பாட்டுக்காரர்களோடு நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து, என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். "அவங்க பாட ஆரம்பிச்சதும் என் காலை மிதி. நான் முந்தினாலோ பிந்தினாலோ மறுபடி மிதி." கிட்டாரைத் தேர்ந்தெடுத்தவனுக்கு இது நியாயமான மரியாதை என்று எண்ணி, நானும் குறைவில்லாமல் மிதித்தேன். மாமா தாடையைக் கிட்டாரின்மேல் அழுத்திக்கொண்டு வாசித்தார். சபையும் அவரும் எங்கும் பிரியாமல் ஒரே வழியில் போய்ச் சேர்ந்தார்கள். ஆர்மோனியக்காரர் முகம் தொங்கிப்போயிற்று.

பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். கோயில் நிசப்தமாக இருந்தது. மாமா மட்டும் இன்னும் மெதுவாகத் தந்தியை மீட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, கடைசி வரிசை வரை கேட்கும்படி கேட்டார்:

"முடிஞ்சுதாடா?"

பாறை வெடி அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அதை என் அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை, கிட்டாரைப் பல்லாலும் தாடையாலும்தான் கேட்டார் என்பதெல்லாம் நான் மீசை முளைத்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, மாமா வேண்டுமென்றே வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து, கோயிலில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். நான் சிரிப்பதைப் பார்த்ததும், எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது என்று மாமாவும் நிம்மதியாகச் சிரித்தார்.