அண்ணியின் பரண்

படத்துக்குப் பெயர் அடித்து முடிக்கும்வரை அண்ணி யாருக்கும் பதில் சொல்லமாட்டார். வீடியோ காலில் நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் தெரிவது அவருடைய நெற்றியும் கண்ணாடியும்தான். "இருங்க தம்பி, ஒரு வரி" என்பார். போன் தானாகப் போட்டுத்தரும் எண்கள் அவருக்கு ஆகாது. "நம்பர் போட்டா ஜெயில்ல இருக்கறவங்க மாதிரி இருக்கு." அதனால் எங்கள் குடும்ப வலைத்தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழு வாக்கியம் பெயராக இருக்கும். 'பெரிய நாத்தனார் போட்டோ எடுப்பது தெரியாதது போல நிற்கிறார்.' 'மாமா ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடுகிறார்.' மாமா என்றால் என் அப்பா.

பகலில் அண்ணிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை. வலிக்குமா என்று கேட்பவர்களிடம் "டாக்டருக்கு வலிக்காதுங்க" என்று சொல்லி உட்காரவைப்பார். அப்பா போன பிறகு அந்தத் தளத்தை ஆரம்பித்தவன் அண்ணன். ஒரே வாரத்தில் அலுத்துப்போய் அண்ணி தலையில் கட்டிவிட்டான்.

அண்ணி அதை ஒரு வீடாகவே வைத்துக்கொண்டார். ஏற்றிய படங்களெல்லாம் சேரும் இடம் பரண். ஊர் பார்க்கும் பக்கங்கள் ஹால். "பரண்ல போட்டுட்டேன், சாயங்காலம் ஹால்ல மாட்டறேன்" என்பார். நாங்கள் வளர்ந்த வீடு இப்போது இல்லை. அதன் சமையலறை ஜன்னல், சைக்கிள் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த சுவர், மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் கருவிப் பெட்டி எல்லாம் அந்த ஹாலில்தான் இருந்தன. இங்கே வெளியூரில், வேலைக்குப் போகும் பேருந்தில் தினமும் அந்த ஹாலுக்கு ஒரு நடை போய் வருவேன். ஒரு படம் இடம் மாறியிருந்தாலும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அண்ணியைக் கூப்பிட்டுவிடுவேன்.

ஒருநாள் போய்ப் பார்த்தால் அப்பாவின் பக்கத்தில் படமே இல்லை. சாம்பல் நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அண்ணியின் வாக்கியம் மட்டும்.

"இடம் நிரம்பிருச்சு, இனிமே ஏத்த முடியாதுன்னு வந்துச்சு தம்பி. அதான் பரணைக் கொஞ்சம் ஒழிச்சேன்."

"எதை எடுத்தீங்க?"

"ஹால்ல மாட்டினதைத்தான். அதான் ஹால்ல இருக்கே, பரண்ல எதுக்கு இன்னொண்ணு?"

ஹாலில் படம் கிடையாது, பரணில் இருப்பதுதான் அங்கே தெரிகிறது என்று சொன்னேன்.

"குப்பைத்தொட்டில இருக்கும் அண்ணி, திருப்பி எடுத்துடலாம்."

"அதையும் கொட்டிட்டேன். குப்பையை வச்சிருந்து பழக்கமில்லையே" என்றார். படங்களை எடுத்த அவருடைய பழைய போனும் எப்போதோ கைமாறிவிட்டது.

தளம் நடத்தும் நிறுவனத்துக்கு நான் எழுதினேன். அழித்தது அழித்ததுதான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு உறவுக்காரர்களைப் பிடித்தோம். அவரவர் போனில் கிடந்தவையெல்லாம் மங்கலாகத் திரும்பி வந்தன. "உங்க அக்கா அனுப்பினது பூரா அவங்க மட்டும் நிக்கற படம்" என்று அண்ணி சிரித்தார். ஆனால் அப்பாவின் கடைசி வருஷம் அண்ணி மட்டுமே எடுத்தது. வேறு யாரிடமும் இல்லை. அந்தப் பெட்டிகள் அப்படியே நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் பின்னால் வந்து நின்றான். அவன் சட்டை மட்டும் தெரிந்தது.

"அந்தக் காலிப் பெட்டியெல்லாம் எடுத்துடும்மா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியும்ல" என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல். காலிப் பெட்டி ஒன்றின் வாக்கியத்தை நீட்டி அடித்தபடி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாமா ஃபேனைக் கழற்றிவிட்டு எப்படி மாட்டுவது என்று யோசிக்கிறார். ஸ்குரு எல்லாம் மடியில். நீலச் சட்டை."

அண்ணன் போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"நீலம் இல்ல" என்றான். "சாம்பல் கலரு. பாக்கெட் ஒரு பக்கம் பிரிஞ்சு தொங்கும். தைக்கக் குடுங்கன்னா குடுக்கமாட்டாரு."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.