வருகைப் பதிவேட்டில் பதினோரு பேர்

தாலுகா ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு தினமும் போய் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. கோவில்பட்டியின் ஓரத்தில், எங்கள் தெருக்கள் முடிந்து பருத்திக்காடு தொடங்குகிற இடத்தில், கிளை நூலகம் இருந்தது. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். நாலு பெஞ்சு, ஆறு இரும்பு அலமாரி, போட்டதும் முனகத் தொடங்கும் ஒரு மின்விசிறி. தொண்ணூறுகளின் கடைசி அது.

காலையில் என்னைப் போன்றவர்கள் ஒரே செய்தித்தாளை நாலு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்தவன் எப்போது முடிப்பான் என்று முறைத்துக்கொண்டிருப்போம். மாலையில் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு பெண்கள் வருவார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நான் இருந்த ஆபீஸைவிட அங்கே வேலை அதிகம் நடந்தது என்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு முப்பது வயதிருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் பணம் கட்டியிருந்தாள். வீடு ஒரே அறை. அதில் இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், ஒரு டி.வி. ஆறிலிருந்து ஏழு வரை நூலகத்தின் கடைசி பெஞ்சுதான் அவளுடைய பள்ளிக்கூடம்.

ஒருநாள் காலை நூலகர் அம்மா ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். தினசரி வருகை சராசரியாகப் பதினொன்று மட்டுமே என்பதால், இந்தக் கிளையைக் காலை மட்டும் இயங்கும் பகுதி நேர நூலகமாக மாற்ற உத்தேசம். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

“பதினொண்ணா? சாயங்காலம் மட்டும் நாப்பது பேர் வாராகளே!”

“வாராக ஸார். வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட மாட்டேங்காக. நான் போட முடியுமா?”

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர், அண்ணன் தம்பி பாகப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பத்திரம் வழக்கானது. அவர் ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். அண்ணன் தம்பி சமாதானமாகி ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இவர் மட்டும் தனியாக நடந்து வருவார். அன்றிலிருந்து எங்கள் தெரு எந்தத் தாளைப் பார்த்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. கடைசி பெஞ்சுக்காரி அவருடைய மகள்.

பதிவேட்டைப் புரட்டினேன். மற்றவர்களைக் குறை சொல்லலாம் என்று தேடப் போய், என் பெயரைத் தேடினேன். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு கையெழுத்து. முதல் நாள் போட்டது. அதற்கும் பக்கத்தில், ‘நேரம் குறிக்கக் கட்டம் இல்லை’ என்று குறை எழுதி வைத்திருந்தேன்.

விஷயம் டீக்கடைக்குப் போனது. கடைக்காரர் அரை நிமிடத்தில் வழி சொன்னார்.

“பழைய தாள்ல எடம் கெடக்குல்லா அண்ணாச்சி? ஆளுக்குப் பத்துப் பேரு எழுதுனா சோலி முடிஞ்சுது. நான் இடது கையாலயும் எழுதுவேன்.”

“மாசா மாசம் எண்ணிக்கைய மேலிடத்துக்கு அனுப்பியாச்சு ஓய். இப்ப நீரு எழுதுனா நூலகத்தோட நூலகர் அம்மாவும் போயிருவாக.”

“அப்ப நெசமா வந்து போடணுமாக்கும்?”

“ஆமா.”

“அது கஷ்டமுல்லா!”

உண்மைக்குக் கையெழுத்துப் போட அஞ்சிய தெரு பொய்க்குப் போட வரிசையில் நின்றது. நான் ஆட்சேபணை மனு எழுதினேன். பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம், முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் மாலை அதிகாரி நேரில் வந்து எண்ணிப் பார்க்கட்டும் என்று கேட்டேன். மனு கொடுப்பவர்கள் யாரும் முன்னறிவிப்பு வேண்டாம் என்று கேட்பதில்லை. அதனாலேயே ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

மனுவை அனுப்பிய அன்று மாலை வாசலில் நாற்காலி போட்டு, பதிவேட்டோடு உட்கார்ந்தேன். முதல் கையெழுத்து என்னுடையது. பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஒதுங்கினார்கள். ஒருத்தி சொன்னாள்: “ஏட்டி, ஸார் எதுக்கோ ஆள் பிடிக்காக. வா, நாளைக்கு வருவோம்.”

கடைசி பெஞ்சுக்காரியிடம் விவரத்தைச் சொன்னேன். சாயங்காலம் மூடிவிட்டால் அவளுக்குப் படிக்க இடமில்லை என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிவேட்டை வாங்கி அட்டையைப் படித்தாள். தலைப்பைப் படித்தாள். நாலு கட்டத்தையும் படித்தாள். பின்பக்கம் திருப்பி அச்சகத்தின் பெயரைக்கூடப் படித்தாள்.

“இத எங்கயும் கோர்ட்டுக்குக் கொண்டு போவீங்களா ஸார்?”

“மாட்டோம். வருசம் முடிஞ்சா கட்டி அலமாரி மேல போடுவாக. கரையான் படிக்கும்.”

“எங்கப்பா படிக்காமப் போட்டாரு. நான் படிச்சுட்டேன்லா” என்றபடி பேனாவை வாங்கினாள். முகவரியை முழுதாக எழுதினாள், கதவு எண்ணோடு.

ஒதுங்கி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். “அவளே போட்டுட்டா, நமக்கு என்னட்டி?” என்று ஒரு குரல். அப்புறம் வரிசை. முதல் வாரம் இருபது, அடுத்த வாரம் முப்பத்தைந்து. டீக்கடைக்காரர் இரண்டு கையாலும் போட முயன்றதில், ஒன்று அடிக்கப்பட்டது.

அதிகாரி ஐப்பசி மழையன்று வந்தார். மழை பெய்தால் எங்கள் கரிசல் மண் ஆளைக் காலோடு பிடித்து நிறுத்தும், யார் வருவார்கள்? காலுக்கு ஒரு கிலோ மண்ணோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவர் படியேறினார்.

உள்ளே அவருக்கு உட்கார இடமில்லை.

நான் மறந்துபோன ஒன்று. மழையில், மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி காயாது. மூன்று மணிக்கே தீப்பெட்டி ஆபீஸை விட்டுவிட்டார்கள். பெஞ்சு நிறைந்து, தரையில் சாக்கு விரித்தும் உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் திட்டில் ஒருத்தி ஏறி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். யாரோ எழுந்து அலமாரிக்குப் போக, மறுபடி முதலிலிருந்து.

கடைசி பெஞ்சுக்காரி கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“ஸார், வந்தவுக எல்லாரும் வாசல்ல கையெழுத்துப் போடணும். நீங்க போடல.”

நூலகர் அம்மா அவசரமாக அவளைப் பார்த்துக் கையசைத்தார். அதிகாரி அவளையும் பதிவேட்டையும் பார்த்தார். போய்ப் போட்டார். ஐம்பத்து மூன்றாவது பெயர்.

உத்தரவு தை மாதம் வந்தது. மறு ஆய்வுக்கு உட்பட்டு, இரு வேளையும் இயங்கும் தற்போதைய நிலை தொடரலாம். நூலகர் அம்மா, “மறு ஆய்வா? மறுபடியும் வருவாகளா ஸார்?” என்று பயந்தார். மறு ஆய்வுக்கென்று எடுத்து வைத்த கோப்பை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை என்று தைரியம் சொன்னேன். நான் அறிந்தவரை இன்னும் திறக்கவில்லை. கடைசி பெஞ்சுக்காரி கணக்கில் முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினாள். அடுத்து பன்னிரண்டாம் வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். என்னிடம் காட்டவில்லை. முழுவதையும் அவளே ஒரு முறை படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.