எண்ணெய் குடிக்காத வண்டி

என் மகனுடைய காரில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரியுமாம். ஒரு நாளும் எரிந்ததில்லை. அவன் அதைத் தேடியதும் இல்லை. என் தாய்மாமாவின் பழைய டீசல் வேனில் விளக்கெல்லாம் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட மீட்டர், அதில் ஒரு முள். முள் பாதிக்கு மேல் நின்றால் இஞ்சினுக்குள் எல்லா இடத்துக்கும் எண்ணெய் போகிறது என்று அர்த்தம். படுத்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசி இஞ்சின் இறுகிவிடும். எழுபதுகளின் கடைசியில், என் கல்யாணத்தன்று காலை, மதுரையைத் தாண்டி மேலூர் ரோட்டில் அந்த முள் படுத்தது.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பெண் வீடு மேலூர். "என் மருமகன் அடுத்தவன் வண்டியில போறதுக்கா நான் வேன் வச்சிருக்கேன்" என்று ஒற்றைக் காலில் நின்று மாமாதான் எங்களை ஏற்றிக்கொண்டார். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் நான் மேலூருக்கே போயிருக்க வேண்டியதில்லை, அது வேறு விஷயம். அந்த வேன்தான் அவருக்குச் சோறு. பெருமையும் அதுதான். "மாசக்கணக்கா சொட்டு எண்ணெய் ஊத்தல, அளவு அப்படியே நிக்குது" என்று டீக்கடைதோறும் சொல்லிச் சொல்லி, அவர் தலை தெரிந்தாலே மற்ற டிரைவர்கள் எழுந்து போக ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரும் சீட்டுக்கு அடியில் ஒரு டின் எண்ணெய் வைத்திருப்பார்கள். மாமா வைப்பதில்லை. வைத்தால் வண்டிக்கு அவமானமாம்.

முள் படுத்ததும் அவர் வேனை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிட்டார். முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம்தானே, ஓட்டிவிடலாம் என்றார் அப்பா. "முடியாது மச்சான். ஓட்டுனா பாதி வழியில இறுகிப்போயி நின்னுரும்" என்றார் மாமா. அப்போது அப்பா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "உனக்கு வண்டி பெருசா, மருமகன் பெருசா?" அம்மா தன் தம்பி முகத்தையும் பார்க்க முடியாமல் புருஷன் முகத்தையும் பார்க்க முடியாமல் வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மீட்டர் பொய் சொல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மீட்டருக்குப் போகும் சின்னக் குழாயைக் கழற்றிவிட்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். பீய்ச்சி அடிக்க வேண்டிய எண்ணெய் மூக்கு ஒழுகுவது போல வழிந்தது. மீட்டர் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அடுத்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். குறைந்திருக்கும் என்று நினைத்தோம். கோட்டுக்கு மேலேயே இருந்தது. "அதான் நெறையக் கெடக்கே, எடு வண்டிய" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து மேலூர் பஸ் ஒன்று வந்தது. அப்பா கைகாட்டி நிறுத்தினார். "எல்லாரும் ஏறுங்க. அவன் வண்டியக் கட்டிக்கிட்டு கெடக்கட்டும்." தாய்மாமன் மாலை போடாமல் மாப்பிள்ளை மணவறையில் உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அது அப்பாவுக்குத் தெரியாதா என்ன? கோபத்தில், "மாலைய சித்தப்பன் போடுவான்" என்றார். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். நான் ஏறவில்லை. "மாமா இல்லாம நான் வரல" என்று சொல்லிவிட்டேன். கண்டக்டர் விசில் ஊத, பஸ் போய்விட்டது. அப்பாவும் ஏறவில்லை; என்னை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

மாமா இது எதையும் பார்க்கவில்லை. கம்பியில் இருந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பிசுபிசுப்பே இல்லை, தண்ணீராக நழுவியது. மோந்து பார்த்தார். முகம் செத்துப்போய்விட்டது. விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார், டீசல் நாற்றம். டீசலை உறிஞ்சிக் கொடுக்கும் சின்னப் பம்பில் ரப்பர் கிழிந்து, டீசல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. இஞ்சின் எண்ணெயைக் குடிக்கத்தான் செய்தது. குடித்த இடத்தை டீசல் வந்து நிரப்பியது. அளவு குறையவில்லை என்று இவர் மார்தட்டிக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே மருமகனே" என்றார் மெதுவாக.

நீர்த்துப்போன எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் மேலூர் வரை தாங்கும். ஊற்ற எண்ணெய் எங்கே? மாமா ரோட்டில் நின்று லாரிகளுக்குக் கையை நீட்டினார். நிற்காமல் போனவை போக, ஒன்று நின்றது. அதை ஓட்டி வந்தவர் யார் என்றால், எங்கள் ஊர் டீக்கடையில் மாமாவின் பேச்சைக் கேட்டுக் காது புளித்த டிரைவர். விஷயம் தெரிந்ததும், "என்னண்ணே, எண்ணெய் குடிக்காத வண்டிக்கு எம்புட்டு வேணும்?" என்றார். மாமா தரையைப் பார்த்தபடி, "இருக்குற அம்புட்டையும் குடுப்பா" என்றார். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, தன்னிடம் இருந்த டின்களையெல்லாம் இறக்கிக் கொடுத்தார்.

வேனுக்கு அடியில் படுத்து மாமா எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றியபோது, சூடான எண்ணெய் அவர் முழங்கை வழியாக வழிந்து பட்டு வேட்டியில் இறங்கியது. கையை உதறிக்கொள்ளக்கூட இல்லை. புது எண்ணெயை ஊற்றி இஞ்சினைக் கிளப்பினார். முள் படுத்தே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து பாதிக்கு மேல் போய் நின்றது. "நீ முள்ளப் பாரு, ரோட்ட நான் பாத்துக்கிறேன்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மேலூர் வரும்வரை நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாமா வாசலோடு நின்றுவிட்டார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் கையில் கறுப்பு போகவில்லை; வேட்டியைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. "இந்தக் கையோட நல்ல காரியத்துல வேண்டாம். சித்தப்பனையே போடச் சொல்லு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உள்ளே போய்த் தட்டிலிருந்து மாலையை எடுத்து வந்தார். மாமாவின் கறுத்த கையைப் பிடித்து அதில் வைத்தார். "நீ போடு மாப்ள. நீதான் போடணும்." அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மாலை போடும்போது மாமா அழுதுவிட்டார். நானும்தான்.

மணவறையில் உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள். என் மனைவி என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மாலையில என்ன டீசல் வாடை அடிக்குது?"

"எங்க மாமா போட்டது" என்றேன்.